தொட்டால் துணி, பிரித்தால் புத்தகம்

டோக்கியோவில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி, கான்டா ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைத் தெருவில் வாங்கிவந்த சிறு புத்தகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலக் கதை, ஜப்பானியப் படங்கள், தாள் முழுக்கப் பொடிச் சுருக்கம். அட்டையில் நாக்கு அறுபட்ட சிட்டுக்குருவி. கடைசியில் இருக்கும் ஜப்பானிய எழுத்துகளை ஒருவர் படித்து, '1885' என்று சொல்லியிருக்கிறார். அதன் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் '17, காமி நெகிஷி, டோக்கியோ' என்று முகவரி. இது துணியா காகிதமா, உண்மையில் 1885இல் அச்சானதா, சுருக்கத்தை இஸ்திரி போட்டு நிமிர்த்தலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவதுதான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தலையணை அளவு அகராதிகளுக்கு அடியில் வைத்து அழுத்தவும் வேண்டாம். அந்தச் சுருக்கம் பழசானதால் விழுந்ததல்ல. பாடுபட்டு வரவழைத்தது. துணிக்குப் போட வைத்திருந்த கஞ்சியைத் தின்றதற்காக நாக்கை இழந்த குருவியின் கதை அது. அந்தப் புத்தகத்துக்கே இஸ்திரி போட்டால் குருவிக்கு இரண்டாவது அநியாயம் ஆகிவிடும். நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட புத்தகம் ஒன்றை 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று கனமான புத்தகங்களுக்கு நடுவில் சில மாதங்கள் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது அட்டை சப்பையாகியிருந்தது. படத்தில் இருந்த பெண்ணின் முகம் அகன்று, கோடுகள் வெளிறிப்போயிருந்தன. அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இப்போது முதல் கேள்வி. அது காகிதம்தான். சிரிமென் என்பது ஜப்பானில் கிமோனோவுக்குப் பயன்படும் ஒருவகைப் பட்டுத் துணி. முறுக்கிய நூலால் நெய்வதால் மேற்பரப்பு சுருக்கமாக இருக்கும். அதன் சாயல் வரும்படி செய்த காகிதத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் புத்தகங்களை ஜப்பானியர்கள் 'சிரிமென் போன்' என்கிறார்கள். 'போன்' என்றால் புத்தகம்.

செய்முறை வியப்பானது. பலர் நினைப்பதுபோல, ஏற்கெனவே சுருங்கிய காகிதத்தை வாங்கி அதன்மேல் படம் அச்சிடுவதில்லை. அப்படிச் செய்தால் மை மேடுகளில் மட்டும் ஒட்டும். முதலில் வழவழப்பான கைக்காகிதத்தில் படமும் எழுத்தும் அச்சாகிவிடும். பிறகு அந்தத் தாள்களை ஈரமாக்கி, வரிவரியாய்ப் பள்ளம் உள்ள அச்சுத் தாள்களுக்கு இடையில் அடுக்கி, மர உருளையில் இறுகச் சுற்றி, மேலிருந்து நெம்புகோலால் அழுத்துவார்கள். காகிதம் தன் நீளவாக்கில் ஒடுங்கும். சுருளைப் பிரித்து, தாளின் திசையைச் சற்றுத் திருப்பி, மறுபடியும் சுற்றி அழுத்துவார்கள். எல்லாத் திசையிலும் சுருக்கம் பரவும் வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். முடிவில் தாள் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். படம் செதுக்கிய அதே மரக்கட்டைகளால் அச்சான சாதாரணத் தாள் பதிப்பு சுமார் 18 சென்டிமீட்டர் உயரம் என்றால், சுருக்கிய பதிப்பு 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதனால் காகிதத்துக்கு மூன்று லாபம். நீண்ட நார் உள்ள ஜப்பானியக் கைக்காகிதம் என்பதால் இத்தனை நசுக்கியும் கிழியாது; மாறாக, துணிபோலத் துவண்டு, முரட்டுக் கைகளையும் தாங்கும். குழந்தை கையில் கொடுக்கலாம். இரண்டாவது, கோடுகள் நெருங்குவதால் படம் நுணுக்கமாகத் தெரியும். மூன்றாவது, வண்ணம் குறைந்த பரப்பில் திரளுவதால் அடர்ந்துவிடும். செதுக்கியவரும் அச்சிட்டவரும் நினைத்ததைவிட ஆழமான சிவப்பும் நீலமும் அந்தச் சின்னப் பக்கத்தில் கிடைக்கின்றன. இந்த உத்தி புத்தகத்துக்காகக் கண்டுபிடித்ததல்ல. தனிப் படங்களை இப்படிச் சுருக்கி விற்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. பாரிஸில் ஜப்பானியப் படங்களை அள்ளி அள்ளி வாங்கிய வான்கோவிடமும் அவற்றில் சில இருந்தன. அவற்றை அவர் 'கிரேப்போன்' என்று குறிப்பிடுவார்.

புத்தகத்துக்கு அந்த உத்தியைக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் ஹாசெகாவா தாகெஜிரோ. 1853இல் பிறந்து 1938இல் இறந்தவர். பிறந்த வீட்டின் பெயர் நிஷினோமியா. ஹாசெகாவா என்பது தாய்வழிக் குடும்பப் பெயர். டோக்கியோவில் கோபுன்ஷா என்ற பெயரில் பதிப்பகம் நடத்தினார். 1885இல் 'ஜப்பானியத் தேவதைக் கதை வரிசை' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, 1892க்குள் இருபது எண்கள் வரை கொண்டுவந்தார். முதல் எண் பீச் பழத்திலிருந்து பிறந்த மோமோடாரோ. இரண்டாவது உங்கள் குருவி. பிறகு நண்டும் குரங்கும், பட்ட மரத்தைப் பூக்கவைத்த கிழவர், கடலடி அரண்மனைக்குப் போன உராஷிமா, எட்டுத் தலைப் பாம்பு என்று போகும்.

ஆங்கிலம் படிக்கும் ஜப்பானிய மாணவர்களை மனதில் வைத்துத்தான் இது தொடங்கியது என்று சொல்வார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள். ஹாசெகாவாவுக்கு வியாபார மூக்கு கூர்மை. விரைவிலேயே பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், டச்சு என்று அதே படங்களைச் சுற்றி வேறு வேறு மொழி எழுத்தைக் கோத்து விற்க ஆரம்பித்தார். படம் மரக்கட்டையில், எழுத்து ஈய அச்சில் என்று பிரிந்திருந்ததால் இது எளிதாயிற்று. படக்கட்டையைத் தொட வேண்டாம், கோத்த எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். லண்டனில் கிரிஃபித் ஃபாரன் நிறுவனம் தன் பெயரையும் போட்டு விற்றது.

இவற்றை ஜப்பானிய நாட்டுப்புறக் கதையின் அசல் குரல் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிநாட்டார் வாங்கிப் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப்போக வேண்டும் என்று வடிவமைத்த பொருள் இது. பக்கங்கள்கூட ஜப்பானிய வழக்கப்படி வலமிருந்து இடமாகப் பிரியாமல், ஆங்கிலப் புத்தகம்போல இடமிருந்து வலமாகத்தான் பிரிகின்றன. அதனால் மட்டமாகிவிட்டதா என்றால், இல்லை. விற்க வேண்டும் என்ற நெருக்கடிதான் இத்தனை கைத்திறனை ஒரே இடத்தில் சேர்த்தது. ஈய அச்சும் கல்லச்சும் டோக்கியோவை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், மரக்கட்டை செதுக்குபவர்களுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. அவர்களில் சிலருக்கு இந்தச் சின்னப் புத்தகங்கள் சோறு போட்டன.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தொடக்க காலப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரைந்தவர் கோபயாஷி எய்டாக்கு. கானோ என்ற பழைய ஜப்பானிய ஓவிய மரபில் பயின்றவர். 1843இல் பிறந்தவர், 1890இல், வரிசை முடியும் முன்பே இறந்துவிட்டார். அவருக்குப் பின் சுசுகி காசொன் முதலியோர் தொடர்ந்தார்கள். எய்டாக்குவின் கெட்டிக்காரத்தனம் படத்தில் இடம்விடுவதில் இருக்கிறது. எழுத்துக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம் என்று பிரிக்க மாட்டார். மூங்கில் வளைந்து நிற்கும், அதன் நிழலில் நான்கு வரி ஆங்கிலம் உட்கார்ந்திருக்கும். குருவியின் வீட்டில் விருந்து நடக்கும், தட்டு எடுத்துவரும் குருவியின் தலைக்கு மேல் அடுத்த பத்தி தொடங்கும். உங்கள் புத்தகத்தில் குருவிகள் கிமோனோ உடுத்தியிருக்கும் பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உடையின் பூவேலைவரை செதுக்கியிருக்கிறார்கள்.

கதைகளைச் சொன்னவர்கள் யார் என்பதும் சுவாரசியமான சங்கதி. முதல் சில எண்களை ஆங்கிலத்தில் எழுதியவர் டேவிட் தாம்ப்சன் என்ற அமெரிக்கப் பாதிரியார். உங்கள் குருவிக் கதையும் அவர் எழுதியதே. ஜப்பானின் பழம்பெரும் நூலான கொஜிகியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பேசில் ஹால் சேம்பர்லேன் உராஷிமாவையும் வேறு சிலவற்றையும் எழுதினார். திருமதி ஜேம்ஸ் என்றே அட்டையில் அச்சாகும் கேட் ஜேம்ஸ், வரிசையில் அதிகக் கதைகள் எழுதியவர்களுள் ஒருவர். மாட்சுயாமா கண்ணாடி, இனாபா முயல் எல்லாம் அவருடையவை. இறந்துபோன தாயின் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதாக நம்பித் தன் முகத்தையே தினமும் பார்க்கும் மகளின் கதையை அவர் சொல்லியிருக்கும் விதம், என் கணக்கில், இந்த வரிசையிலேயே சிறந்தது.

எனக்குப் பிடித்த பொருத்தம் ஏழாம் எண். 'கிழவரும் பூதங்களும்' என்ற அந்தக் கதையை எழுதியவர் ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன். ஜப்பானிய ஒலியை ரோமன் எழுத்தில் எழுத இன்றும் பயன்படும் முறைக்குப் பெயர் கொடுத்தவர் அவர். தொழிலால் மருத்துவர், யோகோஹாமாவில் கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தில் புகழ்பெற்ற ஒரு நடிகரின் அழுகிய காலை வெட்டி எடுத்தவர். அவர் சொன்ன கதையில், கன்னத்தில் பெரிய கட்டி உள்ள கிழவர் காட்டில் பூதங்கள் முன்னால் ஆடுகிறார். ஆட்டத்தில் மயங்கிய பூதங்கள், மறுநாளும் வரவேண்டும் என்று பிணையாக அந்தக் கட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்கின்றன. வலி இல்லை, தழும்பு இல்லை. இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கும் ஒரு கட்டி, போய் மோசமாக ஆடி, இரண்டாவது கட்டியையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அறுவைச் சிகிச்சை செய்பவர் இந்தக் கதையை எந்த முகத்தோடு எழுதியிருப்பார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இந்த வரிசையில் நமக்குத் தெரிந்த ஒரு கதையும் ஒளிந்திருக்கிறது. பதின்மூன்றாம் எண், 'முட்டாள் ஜெல்லி மீன்'. நம் கடற்கரைகளில் சொறி மீன் என்போமே, அதுதான். கடலரசனின் மனைவிக்கு உடம்பு சரியில்லை. உயிருள்ள குரங்கின் ஈரல் வேண்டும் என்கிறாள். அப்போது எலும்பும் ஓடும் காலும் உள்ளதாக இருந்த ஜெல்லி மீன், குரங்கை ஆசைகாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தி வருகிறது. நடுவழியில் உண்மையை உளறிவிடுகிறது. 'அடடா, ஈரலை மரத்தில் மாட்டிவிட்டு வந்துவிட்டேனே' என்கிறது குரங்கு. மீதி உங்களுக்கே தெரியும். நாவல் மரத்துக் குரங்கும் முதலையும்தான். பஞ்சதந்திரத்திலும் ஜாதகக் கதைகளிலும் உள்ள இது, பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போனது. இதயம் ஈரலானது, முதலை முதலில் ஆமையாகிப் பிறகு ஜெல்லி மீனாயிற்று. ஜப்பானியர் சேர்த்த முடிவு மட்டும் புதிது: கோட்டைவிட்டு வந்த ஜெல்லி மீனைக் கூழாகும்வரை அடிக்கிறார்கள், அன்றிலிருந்து அதற்கு எலும்பு இல்லை. ஆறாம் எண்ணான 'எலியின் கல்யாணம்' என்ற தலைப்பைப் பார்த்து, சூரியன், மேகம், காற்று என்று மாப்பிள்ளை தேடும் நம் எலிப்பெண் கதை என்று ஏமாந்துவிடாதீர்கள். அது முழுக்க ஜப்பானியத் திருமணச் சடங்குகளை எலிகளுக்கு உடுத்திக் காட்டும் புத்தகம்.

பிற்காலத்தில், ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற லஃப்காடியோ ஹெர்ன் சேர்ந்தார். 1898இல் 'பூனை வரைந்த பையன்', மறுவருடம் 'சிலந்திப் பூதம்', 1902இலும் 1903இலும் இன்னும் இரண்டு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1922இல் 'இளமை ஊற்று' என்று மொத்தம் ஐந்து. சேகரிப்பவர்கள் இந்த ஐந்துக்கும்தான் முண்டியடிக்கிறார்கள். விலையும் அதற்கேற்ப. வரிசைக்கு வெளியேயும் ஹாசெகாவா, ஜப்பானின் வடக்கே வாழும் பூர்வகுடிகளான ஐனு மக்களின் கதைகள், கவிதை நூல்கள், நாட்காட்டிகள் என்று சுருக்கக் காகிதத்தில் நிறைய வெளியிட்டார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் புத்தகம் 1885இல் அச்சானதல்ல.

அந்தப் பக்கத்தை உங்களுக்குப் படித்துச் சொன்னவர் தவறாகப் படிக்கவில்லை. அங்கே தேதி, அன்றைய பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் மெய்ஜி ஆண்டு என்று தொடங்கும். அதில் முதல் எழுத்தே சூரியனும் சந்திரனும் அருகருகே நிற்கும் வடிவம், பழகிவிட்டால் உடனே அடையாளம் தெரியும். மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். 18 என்று இருந்தால் 1885. கணக்கு சரி. ஆனால் அது முதல் பதிப்புக்கு உரிமை பெற்று வெளியிட்ட தேதி. அதே கட்டைகளை வைத்து, தேவைப்படும்போதெல்லாம் பல பத்தாண்டுகள் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். தேதியை மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாரும் கவலைப்படவில்லை. முகவரியை மட்டும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பழைய கடை வாசலில் போய் நிற்பார்.

அதனால் ஹாசெகாவா வீடு மாறிய வரலாறுதான் நமக்கு நாட்காட்டி. ஆரம்ப காலப் பிரதிகளில் மருயா-சோ, மினாமி சாயெகி-சோ முகவரிகள் வரும். 1890களில் ஹியோஷி-சோ 10. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் யோட்சுயா ஹொன்முரா 38. உங்கள் புத்தகத்தில் உள்ள காமி நெகிஷி 17க்கு அவர் போனது 1911இல். ஆகவே உங்கள் பிரதி அதற்குப் பிந்தியது. தேதியில் கால் நூற்றாண்டு பழசு, முகவரியில் புதிசு. இன்னொரு தடயமும் உண்டு: தொடக்கத்தில் இந்த வரிசை வழவழப்பான சாதாரணத் தாளில்தான் வந்தது, சுருக்கக் காகிதம் சற்றுப் பின்னால். சுருக்கத் தாளும் 1885 தேதியும் ஒன்றாக இருந்தாலே புருவத்தை உயர்த்த வேண்டும். தேதியை மட்டும் காட்டி முதல் பதிப்பு என்று விற்றவரிடம் நானும் ஒருமுறை ஏமாந்தேன். அவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது, அச்சில் இருந்ததைத்தான் காட்டினார்.

போலியாக இருக்குமோ என்ற பயம் வேண்டாம். 1911க்குப் பிந்தியது என்பதால் அது நகல் ஆகிவிடாது. அதே பதிப்பகம், அதே கைமுறை. இக்கால நகல்தானா என்று உறுதிசெய்ய விரும்பினால் பூதக்கண்ணாடி போதும். நவீன ஆப்செட் அச்சில் நிறம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மரக்கட்டை அச்சில் நிறம் காகிதத்துக்குள் ஊறி, புள்ளி இல்லாமல் பரவியிருக்கும். வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வெளுத்து முடியும் இடங்களில், கட்டையை ஈரத்துணியால் துடைத்த கையின் தடம்கூடத் தெரியலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பக்கங்களின் வெளி ஓரம் மடிந்து மூடியிருப்பதைப் பார்த்து, 'பைண்டர் வெட்ட மறந்துவிட்டார்' என்று கத்தியை எடுத்துவிடாதீர்கள். தெரிந்த ஒருவர் பொறுமையாக ஒரு புத்தகம் முழுவதையும் அப்படி அறுத்துவிட்டு, உள்ளே வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று என்னிடம் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளை நடுவில் மடித்து, மடிப்பு வெளியே வரும்படி வைத்து, திறந்த ஓரங்களைப் பட்டு நூலால் தைப்பது பழைய கிழக்காசியக் கட்டுமுறை. ஒவ்வொரு இதழும் ஒரு பை. உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வெயில் படாமல் வையுங்கள், அந்தக் காலத்துச் சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் சீக்கிரம் ஓடிவிடும். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, மேலே எதையும் அடுக்காதீர்கள். ஈரம் பட்டால் சுருக்கம் தானாகவே தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் இராமபாணப் பூச்சிக்கும் அதுவே அழைப்பு. தையல் நூல் அறுந்திருந்தால் அப்படியே விடுங்கள். செலோடேப் ஒட்டவே வேண்டாம், லேமினேஷன் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காதீர்கள். மற்ற பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால், கியோட்டோவில் உள்ள ஜப்பானியவியல் ஆய்வு மையமான நிச்சிபுன்கென் தன்னிடமுள்ள சிரிமென் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

தம்பி அடுத்த முறை ஜிம்போச்சோ பக்கம் போனால், இதே குருவிக் கதையின் சாதாரணத் தாள் பதிப்பு கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சேகரிப்பவர்கள் அதை அவ்வளவாகத் தேடுவதில்லை. கிடைத்தால் இரண்டிலும், பேராசைக்காரக் கிழவி கனமான கூடையைத் திறக்க, பூதங்கள் துள்ளி வெளியே வரும் பக்கத்தை எடுத்து அருகருகே வையுங்கள். சாதாரணத் தாளில் பூதங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். சுருக்கத் தாளில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிழவியின் மேலேயே விழும்.